ஆலிஸின் உலகில் சிக் கொரியா

ஜாஸின் மனோதர்ம வாசிப்பை ராக் இசையின் தாளத்தோடும் மின்கருவிகளோடும் இணைப்பது ஜாஸ் ஃபியூஷன். அவ்வகையில், ஒரே கருவைச் சுற்றி எல்லா உருப்படிகளையும் கோத்த தொகுப்புக்கு அழகிய சான்று, அமெரிக்கப் பியானோ கலைஞர் சிக் கொரியா 1978இல் வெளியிட்ட 'தி மேட் ஹேட்டர்'. லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் கதைகளே (1865, 1871) இதன் ஊற்றுக்கண். தந்திக் கருவிகளும் பித்தளை ஊதுகருவிகளும் கேல் மோரனின் குரலும் நிறைந்த இத்தொகுப்பில், 'ஹம்ப்டி டம்ப்டி' மட்டும் பியானோ, ஜோ ஃபாரெலின் சாக்சபோன், எடி கோமஸின் பாஸ், ஸ்டீவ் காட்டின் டிரம்ஸ் என நால்வரோடு நின்று, துள்ளலான பழைய ஜாஸ் நடையில் பாய்கிறது. இருப்பினும், நிறைவுப் பகுதியான 'ராப்சடி'யே தொகுப்பின் உச்சம்: 1969இல் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' ஒலிப்பதிவில் ஒன்றாக மின்பியானோ வாசித்த இருவருள், கொரியா மினிமூக் சிந்தசைசரில் எழுப்பும் வினாக்களுக்கு ஹெர்பி ஹான்காக் ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோவில் விடைகூறும் அந்த உரையாடலில், கரோலின் குறும்பு முழுமையாக இசையாகிவிடுகிறது.