அம்பாந்தோட்டை வெயிலுக்கு ஒரு விளாம்பழச் சாறு

மாத்தறையைத் தாண்டி தங்காலை, அம்பலாந்தோட்டை வழியாக அம்பாந்தோட்டைக்குப் பயணம் போயிருக்கிறீர்களா? போகப்போகத் தென்னஞ்சோலைகள் குறைந்து, முட்செடியும் பற்றைக்காடும் உப்பளமும் கண்ணில் படத் தொடங்கும். வெயில் சுள்ளென்று அடிக்கும். வீதியோரக் கொட்டில்களில் சட்டித் தயிர் அடுக்கப்பட்டிருக்கும். அதன் அருகே சாம்பல் நிறத்தில், கல்லுப் போன்ற ஓட்டுடன் உருண்டைப் பழங்கள் குவிந்து கிடக்கும். அவைதான் விளாம்பழங்கள். சிங்களச் சகோதரர்கள் 'திவுல்' என்பார்கள்.

2020 இல் தெற்கு அதிவேகப் பாதை மாத்தறையிலிருந்து அம்பாந்தோட்டை வரை நீடிக்கப்பட்டது. நேரம் மிச்சம், உண்மைதான். ஆனால் அதில் பறப்பவர்களுக்கு இந்தக் கொட்டில்கள் கிடைக்காது. அவகாசம் இருந்தால், போகும்போது இல்லாவிட்டாலும் திரும்பும்போதாவது பழைய வீதியால் வாருங்கள்.

விளா வரண்ட பூமியின் மரம். வானம் பொய்த்தாலும் தாக்குப் பிடிக்கும். யானைக்கும் பிரியமான பழம் இது. 'யானை தின்ற விளாம்பழம்' என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஓடு முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இராது என்ற கருத்தில். இம்மாவட்டத்தில் துறைமுகத்திற்கும், 2013 இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்திற்கும் காடு வெட்டப்பட்டது. மேய்ச்சல் நிலம் இழந்த யானைகள் ஊருக்குள் வருகின்றன. பயிர் அழிகிறது, உயிரும் போகிறது. மனிதனும் யானையும் பகிர்ந்து தின்ற பழத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

பழம் வாங்கும்போது கைக்கெட்டியதை எடுத்துவிடாதீர்கள். ஒரு அடி உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள். காய் என்றால் பந்து போல் துள்ளும். பழம் துள்ளாது, 'தொப்'பென்று விழும். மூக்கருகே பிடித்தால் ஓட்டையும் மீறி வாசம் வரும். முதன்முதலாக முகர்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அதைப் பொருட்படுத்தாதீர்கள், கிளாஸைக் கையில் கொடுத்தால் சரியாகிவிடும்.

நன்கு பழுத்த ஒரு பழம் மூன்று, நான்கு பேருக்குப் போதும். கத்தியின் முதுகால் தட்டி உடைத்து, கபில நிறச் சதையைக் கரண்டியால் வழித்தெடுங்கள். இரண்டு கிளாஸ் கொதித்தாறிய நீர் விட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து, பெரிய கண் வடியில் வடியுங்கள். அவசரத்துக்கு விதையோடு பிளெண்டரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விதை நொறுங்கி வாயில் நறநறக்கும், வேண்டாம். வடித்த பின் அரைக் கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால், மூன்று மேசைக்கரண்டி கித்துள் பாணி, ஒரு சிட்டிகை உப்பு. இனி வேண்டுமானால் பிளெண்டரில் ஒரு சுற்று விடலாம், நுரைத்து வரும். உப்பை மறந்துவிடாதீர்கள், புளிப்பை அடக்குவது அதுதான்.

பாணி விடயத்தில் கவனம் தேவை. கித்துள் பூம்பாளையிலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுப்பதே அசல். சீனிப் பாகில் நிறம் கலந்து விற்பவர்களும் உண்டு. தெரிந்த இடத்தில் வாங்குவதே நல்லது. அசலாயினும் இனிப்பு இனிப்புத்தான்; வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் அவரது கிளாஸைப் பாணி ஊற்றுமுன்பே தனியாக எடுத்து வையுங்கள். தேங்காய்ப்பாலில் இயல்பாக ஒரு இனிப்பு இருக்கிறதல்லவா, அவருக்கு அது போதும்.

தேங்காய்ப்பால் சேர்த்ததும் குடித்துவிட வேண்டும், வைத்தால் புளித்துவிடும். நாளைக்கும் தேவையென்றால் வடித்த சாற்றை மட்டும் குளிரூட்டியில் வைத்து, பாலைக் குடிக்கும் நேரத்தில் சேருங்கள். பையில் வந்த பழங்களில் துள்ளுகிற காய் இரண்டு, மூன்று இருந்தால் எறிந்துவிட வேண்டாம். முற்றிய காயானால், முற்றத்தில் வெயில் படும் இடத்தில் இரண்டு வாரம் போட்டு வையுங்கள், பழுத்துவிடும்.