இரண்டு மலைக்கு நடுவே சூரியன்

ராச்செஸ்டர், நியூயார்க்

அன்புள்ள கண்ணு,

உன் குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். "மாமா, காலேஜ்ல 'உழைப்பு'ன்னு அசைன்மென்ட் குடுத்திருக்காங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஜமக்காளம் நெய்யறவங்க கையை எடுக்கலாம்னு இருக்கறேன். கருப்பு வெள்ளையில போட்டா நல்லா இருக்குமுங்களா?" என்கிறாய். நல்லாத்தான் இருக்கும். எனக்குக் கவலையும் அதுதான்.

அந்தப் படத்தை நீ எடுக்கும் முன்பே நான் பார்த்துவிட்டேன். கோயமுத்தூரிலிருந்து சென்னை வரைக்கும் விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். பானை வனையும் கை, பூத் தொடுக்கும் கை, தறியில் நாடா எறியும் கை. கிழவர் முகம் என்றால் பீடிப் புகை உபரி. எல்லாமே சுத்தமான படங்கள்தான். கை யாருடையது என்று கேட்டால் மட்டும் எடுத்தவருக்குத் தெரியாது.

சிரிக்காதே, உன் மாமனும் இப்போது மாணவன். 58 வயதில், செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில், பனியில் கால் வழுக்க வழுக்கப் போட்டோகிராபி வகுப்புக்குப் போய் வருகிறேன். மொத்தம் பதினோரு பேர். ஒரு நர்ஸ், ஒரு பேக்கரிக்காரர், கோடாக்கில் முப்பது வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். இந்த ஊரே கோடாக் வைத்த ஊர். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் கேமராவில் 100 படத்துக்கான ஃபிலிமை ஏற்றியே கொடுப்பார்கள். எடுத்து முடித்ததும் கேமராவையே இங்கே தபாலில் அனுப்பிவிட வேண்டும். கழுவி, பிரிண்ட் போட்டு, புது ரோல் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பார்த்து எடுக்க அதில் வியூஃபைண்டரே கிடையாது. படமும் வட்டமாக வரும். எதை எடுக்கிறோம் என்று சரியாகத் தெரியாமலே உலகம் படமெடுக்கப் பழகியது அப்போதுதான். கோடாக் 2012இல் திவால் மனு கொடுத்தது. அந்தப் பழக்கத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

முதல் வாரம் ஆசிரியை எந்தக் கட்டும் போடவில்லை. எது வேண்டுமானாலும் எடுத்து வாருங்கள் என்றார். நான் ஜெனசி ஆற்று அருவியை எடுத்தேன். ஊர் நடுவிலேயே விழும் அருவி, எதிரே நின்று பார்க்க ஒரு நடைபாலம். அடுத்த வாரம் பிரிண்ட்களைச் சுவரில் குத்தி வைத்தால், பதினோரு பேரில் ஏழு பேர் அதே பாலத்தில் நின்றிருக்கிறோம்! அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழையும் வரிசையாக மாட்டிவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டார்.

எனக்கு ஆறாம் வகுப்பு ஓவியப் பீரியட் ஞாபகம் வந்தது. வாத்தியார் "இயற்கைக் காட்சி போடுங்கடா" என்பார். நாற்பது நோட்டிலும் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அதன் காலடியில் தொடங்கி வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் மூன்று காக்கை. நீயும் போட்டிருப்பாய். நாங்கள் உட்கார்ந்திருந்தது பவானியில். எங்களுக்குத் தெரிந்த மலை ஊராட்சிக்கோட்டை மலை ஒன்றுதான். சூரியன் எந்த இரண்டு மலைக்கு நடுவிலும் எங்களுக்கு உதித்ததில்லை. காவிரியும் பவானியும் சேருகிற கூடுதுறை நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. மழைக்காலத்தில் இரண்டு தண்ணீரும் இரண்டு நிறத்தில் வருவதைப் படித்துறையில் நின்று வாய் பார்த்த பையன்கள்தான் நாங்கள். ஒருத்தன்கூட நோட்டில் இரண்டு நிறத் தண்ணீர் போடவில்லை. என்ன வேண்டுமானாலும் போடு என்றால் கை தனக்குப் பழகியதைத்தான் போடும்.

இரண்டாவது வாரம் ஆசிரியை கட்டிப் போட்டார். வீட்டில் தினமும் கண்ணில் படும் ஒரே ஒரு பொருள். அதிலிருந்து மூன்றடிக்கு மேல் விலகக் கூடாது. 24 படம். ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது.

உன் அம்மா என் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த ஜமக்காளத்தை எடுத்தேன். சிவப்பும் பச்சையும் கருப்பும் பட்டை பட்டையாக ஓடும், உனக்குத் தெரியும். முதல் ஆறு படம் பத்து நிமிசத்தில் முடிந்தது: விரித்து, மடித்து, சுருட்டி, மேலிருந்து, பக்கவாட்டில், ஜன்னல் வெளிச்சத்தில். ஒன்பதாவதில் சரக்கு தீர்ந்தது. பன்னிரண்டாவதில் எரிச்சல் வந்தது. புருசனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஒன்றுமில்லாமல் போகிற மாதிரி ஒரு நேரம் அது. எழுந்து போக விதி இடம் கொடுக்கவில்லை. அதனால் குப்புறப் படுத்தேன். நிறம் மாறும் இடம் தூரத்தில் நேர்க்கோடாகத் தெரிந்தது, கிட்டத்தில் பல் பல்லாக இருந்தது. புரட்டினேன். தரையில் அது கிடந்த இடம் மட்டும் மரம் வெளுக்காமல் இருந்தது. பதினேழு, பதினெட்டு.

அப்படியே தூங்கிப் போனேன். எழுந்தபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஜமக்காளம் பதிந்திருந்தது. மண்டபத்தில் நடக்கிற கல்யாணங்களில் ராத்திரி வரிசையாகப் படுத்து, விடியக்காலை கன்னத்தில் கோடுகளோடு எழுந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்போமே, அந்தக் கோடுகள். நாற்பது வருசமாக அதை நான் நினைத்ததே இல்லை. வெளிச்சம் போவதற்குள், கோடு மறைவதற்குள், என் கையை எடுத்தேன். அது பத்தொன்பதாவது.

வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்த நர்ஸ், தோல் வியாதியா என்று கேட்டார். பொருளே படத்தில் இல்லையே, இது செல்லுமா செல்லாதா என்று இருபது நிமிசம் வழக்கு நடந்தது. எடுத்தவன் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே விதி. நான் வாயை மூடிக்கொண்டு என் வழக்கை நானே கேட்டேன். கோடாக் பெரியவர்தான் தீர்ப்பு சொன்னார்: இது ஒன்றில்தான் அந்தத் துணி வேலை செய்கிறது.

இந்தக் கட்டு நமக்குப் புதிதில்லை. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்னது நம் புலவர் மரபு. 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடிக்கச் சொல்லிக் காளமேகத்தை மடக்கப் பார்த்தார்களாம், அவர் முருகனைப் பாடிக் காட்டினாராம். வெறுமனே முருகனைப் பாடு என்றிருந்தால் மயிலும் வேலும்தான் வந்திருக்கும். இங்கே 2014இல் 'தி போட்டோகிராபர்ஸ் பிளேபுக்' என்று ஒரு புத்தகம் வந்தது. படமெடுப்பவர்களும் சொல்லிக் கொடுப்பவர்களும் கொடுத்த 307 பயிற்சிகள் அதில் உண்டு. வகுப்பில் அதிலிருந்துதான் நகல் எடுத்துத் தருகிறார்கள். முன்பு இந்த ஊரில் பாடம் நடத்திய மைனர் வைட், ஒரு படத்தைப் பார்க்கும் முன் மாணவர்களைக் கண்ணை மூடி உட்கார வைப்பாராம். நம்ம ஊரில் அதற்கென்று தனியாகக் கட்டணம் வாங்கியிருப்பார்கள்.

உனக்குக் கொடுத்த 'உழைப்பு' வெறும் தலைப்பு, கண்ணு. போட்டி நோட்டீசில் போடுவது. அதற்கு விடை முன்கூட்டியே உலகத்தில் இருக்கிறது, நீ போய் எடுத்து வர வேண்டியதுதான் பாக்கி. காலைக் கட்டும் விதி அதில் இல்லை. உங்கள் சாரிடம் போய் இதைச் சொல்லிவிடாதே. மதிப்பெண் அவர் கையில்.

உழைப்பை உள்ளிருந்து எடுக்கிறவர் என்றால், எம். பழனிகுமாரை உனக்குத் தெரிந்திருக்கும். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குக் கேமரா பிடித்தவர், 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். மதுரைப் பக்கத்து ஆள். அவருடைய அம்மா மீன் விற்றவர். கடன் வாங்கி மகனுக்குக் கேமரா வாங்க உதவியவரும் அவர்தான். பழனிகுமார் தொடக்கத்தில் எடுத்ததும் அந்த அம்மாவைத்தான். இப்போது தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டையும் தங்கள் அப்பா அம்மா செய்யும் வேலையையும் எடுக்கிறார்கள். வெளியிலிருந்து போகிறவன் முகத்துச் சுருக்கத்தைப் பார்க்கிற இடத்தில், வீட்டுப் பிள்ளை அம்மா எந்த நேரத்தில் கிளம்புவாள் என்பதைப் பார்க்கும். அமெரிக்காவின் கெண்டக்கி மலைக் கிராமங்களில் வெண்டி ஈவால்ட் இதையே செய்தார். பிள்ளைகளிடம் கேமரா கொடுத்து, குடும்பத்தை எடு, உன் கனவை எடு என்றார். 1985இல் அது புத்தகமாக வந்தது. கனவை எப்படி எடுப்பது? மரக்கிளையில் ஏறிப் படுத்துக்கொண்டு செத்ததுபோல் நடித்தாவது காட்ட வேண்டும். கைக்குப் பழகியது எதுவும் அங்கே உதவாது.

நம் கூடுதுறை சங்கமேசுவரர் கோயில் தந்தக் கட்டிலைப் பார்த்திருக்கிறாயா? கோயமுத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ 1804இல் கொடுத்தது. இடிந்து விழ இருந்த கட்டிடத்திலிருந்து வேதநாயகி அம்மன் சிறுமியாக வந்து அவரை எழுப்பிக் காப்பாற்றினாள் என்பது கதை. வெள்ளைக்காரர் உள்ளே போக முடியாது என்பதால், வெளியே நின்று அம்மனைப் பார்க்க மதிலில் மூன்று துளை போட்டதாகச் சொல்வார்கள். கதையில் எவ்வளவு நிஜமோ, எனக்கு இப்போதெல்லாம் அந்தத் துளைகள் மேல்தான் கண். ஜில்லாவையே ஆண்டவர், பார்ப்பதற்கு ஒரு கண் அளவு ஓட்டைதான்.

அதனால் உனக்கு நான் ஒரு அசைன்மென்ட் தருகிறேன். ஊருக்குப் போ. நெய்கிறவரிடம் கேட்டுக்கொண்டு போ, அதுவும் அவர் டீ குடிக்க எழுந்திருக்கிற நேரமாகப் போ. நெய்த அளவுக்குத்தான் கூலி, நீ தின்னும் ஒவ்வொரு நிமிசமும் அவர் காசு. தறி குழியில் இருக்கிறது. அவர் சம்மதித்தால் மட்டும் குழியில் இறங்கி அவர் உட்காரும் இடத்தில் உட்கார். அவர் கை வேண்டாம், முகம் வேண்டாம், தறிகூட வேண்டாம். அங்கிருந்து அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை எடு. வாசல்படி தெரியலாம், வந்து நிற்கிறவர்களின் செருப்பு தெரியலாம், தெருவில் போகும் சைக்கிள் சக்கரம் பாதி தெரியலாம். 24 படம். அவர் டீ முடிவதற்குள் முடியாது, அடுத்த நாளும் போ. அதற்கடுத்த நாள் நீயே டீ வாங்கிக்கொண்டு போ.

வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, கண்ணு. பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு, காசு நான் தருகிறேன். பின்பக்கம் ஒன்றும் எழுதாதே. அம்மாவிடம், ஜமக்காளம் இன்னும் கிழியவில்லை என்று சொல்.

உன் மாமன்