மக்களோடிருக்கும் பேறு

கோடை என்னும் சொல் எல்லா ஊர்களிலும் ஒரே பொருளைத் தருவதன்று. யாழ்ப்பாணத்தில் அது மணல் கொதிக்கும் காலம். கொழும்பில் வியர்வை வடியும் காலம். மத்திய மலைநாட்டில் வாழும் எங்களுக்கோ அது முற்றத்தில் அமர்ந்து வெயில் காயும் காலம். தைத்திங்கள் தொடங்கிப் பங்குனி வரை ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளில் வானம் வெளுத்து நிற்கும். சித்திரையில் மாலைதோறும் இடியும் மழையும் தலைகாட்டும். வைகாசி கழியுமுன் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். வட்டவளையை அண்டிய மேற்குச் சரிவுகளில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரை எட்டுவதுண்டு. அம்மழை தொடங்கிய பின் குழந்தைகளுக்கு முற்றமும் இல்லை, விளையாட்டும் இல்லை. ஆகவே சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும் பள்ளி விடுமுறையே எங்கள் கோடையின் கடைசி வாசல் எனலாம்.

அந்நாட்களில் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா திருக்கோலம் பூணும். சமவெளி மக்கள் வெப்பத்துக்கு அஞ்சி மலையேறுவர். குதிரைப் பந்தயமும், மலர்க் கண்காட்சியும், தேசாதிபதி கிறகரியின் பெயர் தாங்கிய வாவியிற் படகோட்டமும் அங்கே களிப்பூட்டும். இவை காணத்தக்கனவே. ஆயினும் நான் சொல்லப் புகுவது காசு கொடாமல் வீட்டு வாசலிலேயே பெறும் இன்பத்தைப் பற்றியது.

எனக்கு மக்கள் இருவர். மூத்தவளுக்கு எட்டு வயது. இளையவன் இவ்வாண்டுதான் முதலாந் தரத்திற் சேர்ந்தான். விடுமுறையின் இறுதி வாரத்தில் அவன் ஒவ்வொரு காலையும் விரல்களை மடக்கி எஞ்சிய நாட்களை எண்ணுவான். எண்ணி முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்தாயிற்றா என்று என்னிடமே வினவுவான். பால்மா பேணியைச் சில்லாக்கி வண்டி செய்து தரவேண்டும். ஓடையில் மீன்குஞ்சு பார்க்கக் கூட்டிச் செல்லவேண்டும். பகலுணவின்போது என் தட்டிலிருந்தே ஒரு கவளம் அவனுக்கு வேண்டும். இரவில் மூவரும் வாசற்படியில் அமர்ந்து சிவனொளிபாதமலையைப் பார்த்திருப்போம். யாத்திரைப் பருவத்தில், மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை, மலைப்பாதையின் விளக்குகள் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒளிக்கோடு இழைத்தாற்போல் தோன்றும். “வெசாக் முடிந்ததும் அவற்றை யார் அணைப்பார்கள்?” என்று ஒருநாள் மகள் கேட்டாள். நான் விடை தேடுமுன், “மழை வந்து அணைச்சிடும்” என்றான் தம்பி.

தமிழ் கற்பிப்பவனுக்கு இத்தகைய வேளைகளில் புறநானூற்றின் 188ஆம் பாடல் நினைவில் எழாமற் போகாது. பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது அது. பெருஞ்செல்வம் படைத்துப் பலரோடு உண்பவராயினும், குறுகுறு நடந்து வந்து உணவை அளைந்து மேலெல்லாம் சிதறும் குழந்தைகள் இல்லாதவர்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்பது அதன் கருத்து. வள்ளுவரும் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். வகுப்பறையில் பலமுறை இப்பாடலை விளக்கியிருக்கிறேன். ஆயினும் அதனுள் சொல்லாமலே அடங்கிய ஒரு செய்தியை என் வீட்டுப் பகலுணவே எனக்கு உணர்த்திற்று. குழந்தை தட்டில் கையிடும்போது தந்தை அங்கே இருக்கிறான் என்பதே அச்செய்தி. மக்களைப் பெறுவது ஒரு பேறு. அவர்கள் உண்ணும் வேளையில் உடனிருப்பது வேறொரு பேறு. முன்னது எளியார்க்கும் கிட்டும். பின்னது எல்லார்க்கும் கிட்டுவதில்லை.

என் அன்னை கொழுந்தெடுத்து என்னை வளர்த்தவர். வறண்ட மாதங்களுக்குப் பின் சித்திரையில் முதல் மழை விழுந்தவுடன் தேயிலைச் செடி மளமளவெனத் துளிர்க்கும். அத்துளிரை நாள் தவறவிட்டால் முற்றிக் கெடும். ஆதலால் பிள்ளைகளுக்கு விடுமுறை வரும் அதே காலத்தில்தான் தாய்மாரின் கூடை மிகக் கனக்கும். விடியலில் பெரட்டு, பின் மலை, நண்பகலில் நிறுவை, மீண்டும் மலை. ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசுக் கொழுந்து இருக்கும். சிறியவர்கள் பிள்ளைக்காம்பராவில், நாங்கள் லயத்து வாசலில். மாலையில் கொழுந்து மடுவத்துக்கு ஓடி நிற்போம். நிறுத்து முடித்து வரும் அன்னை, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்குமுன் மடியிலிருந்து இரண்டு கொய்யாப் பழங்களை எடுத்துத் தருவார். நாள் முழுதும் எங்களை நினைத்திருந்தமைக்கு அக்கனிகளே சான்று. எங்கள் கோடை விடுமுறை அந்த ஒரு நாழிகையில் அடங்கியிருந்தது.

அவர் இப்போது எங்களோடிருக்கிறார். சென்ற விடுமுறையின் முடிவில் அவரையும் பிள்ளைகளையும் மவுசாகலை நீர்த்தேக்கக் கரைக்கு அழைத்துச் சென்றேன். 1969இல் அந்த அணைக்கட்டு நிறைவுற்றபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. நகரை மேட்டில் புதிதாய் அமைத்தனர். கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் இடிபாடுகள் வெளிப்படும். மழை வந்ததும் மீண்டும் மறையும். பிள்ளைகள் சேற்றுக்கரையில் கல் பொறுக்கி நின்றனர். அன்னை நெடுநேரம் நீரை நோக்கியிருந்து, “அந்தா, அந்தத் தெருவுல எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டு நடந்திருக்கேன் தம்பி. ஒரே ஒரு நாளு. வளையல் வாங்கிக் குடுத்தாரு” என்றார். “ஏன் அப்பாயி ஒரே ஒரு நாள்?” என்று பேத்தி வினவினாள். “அவருக்கு லீவு கெடைச்சது அவ்வளவுதாங் கண்ணு.” ஐம்பதாண்டுக்கு மேலாக நீருக்கடியில் கிடந்தும் அந்த ஒருநாள் அழியவில்லை. அன்று தந்தை வாங்கிய வளையலின் நிறத்தையும் அவர் மறந்திலர், பச்சை என்றார்.

பள்ளி திறந்ததும் ‘என் விடுமுறை’ என்னும் தலைப்பில் மாணவரை எழுதச் செய்வது தமிழாசிரியர் வழக்கம். நுவரெலியாவைக் கண்டோர் அதனைப் பக்கம் பக்கமாக எழுதுவர். ஒரு சிறுமி எழுதியவை இரண்டே வாக்கியங்கள்: “புத்தாண்டன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.” பாண்டியன் பாட்டுக்கு இதனினும் சிறந்த உரையை நான் கண்டதில்லை. லயங்களிற் பிறந்த குழந்தைகளுள் பலருக்கு இன்றும் நிலைமை இதுவே.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுள் நிருவாகிகள் உளர். மருத்துவர், சட்டத்தரணிகள் உளர். கடல் கடந்து வாழ்வோரும் உளர். அவர்களுக்கு என் விண்ணப்பங்கள் இரண்டு. தோட்டத் தொழிலாளரின் கூலியைப் பற்றிப் பேசும் அவைகளில் அவர்தம் ஓய்வைப் பற்றியும் பேசுங்கள். ஒரு தாய் தன் பிள்ளைகளோடு பகலுணவு உண்ணும் ஞாயிற்றுக்கிழமையும் ஊதியத்தின் பகுதியே. அடுத்து, அந்த ஓய்வு கைவரப் பெற்ற நீங்கள் அதனை வேறெதற்கும் விற்றுவிடாதீர்கள். விரல்விட்டு நாளெண்ணும் வயது குழந்தைகளுக்குச் சிலகாலமே உண்டு.

தோட்டப் பாடசாலையிலிருந்து வந்த என்னை நம் கல்லூரி ஏற்றுத் தமிழ் தந்தது. அத்தமிழைத் துணைக்கொண்டு பயிற்றப்பட்ட ஆசிரியனானேன். அதனாற் பெற்ற சம்பளம் சிறிதே. ஆயினும் என் பிள்ளைகளுக்கு விடுமுறையாகும் நாளில் எனக்கும் விடுமுறையாகிறது. என் பாட்டனார் ஒரே ஒரு நாள் பெற்றதும், என் அன்னை ஒரு நாழிகை பெற்றதுமான செல்வத்தை நான் ஆண்டுதோறும் வாரக்கணக்கிற் பெறுகிறேன். விழாக் காணும் கல்லூரி அன்னைக்கு நான் செலுத்தும் நன்றி இதன் பொருட்டே. அவள் நீடு வாழ்க.