தாத்தாவின் இடக்கை

பருவ விடுமுறைக்கு மாசாய் வீட்டிற்குத் திரும்பிய முதல் நாளே தாத்தா மோட்டார் கிரானை என் கையில் கொடுத்தார். “ஒம் பேருக்கு மாத்திக்கய்யா. என் எடது கை போச்சு” என்றார்.

அது பி.எஸ்.ஏ. சி15. 1958இல் இங்கிலாந்தில் வெளிவந்து 1967 வரை தயாரான 250 சி.சி. மோட்டார். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். புதிதாக ஓட்டுபவர் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார், நானும் மிதித்திருக்கிறேன். தோட்டத்துக் கிராணி ஒருவரிடம் தாத்தா பழையதாக வாங்கியது. 1977இல் பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் செயல்படத் தொடங்கிய பிறகு, பல ஆண்டுகள் அங்கு வேலைக்கு இதில்தான் போய்வந்தார்.

இப்போது கிளட்ச் பிடியை எவ்வளவு மெதுவாக விட்டாலும், பாதிவரை ஒன்றும் நடக்காது; பிறகு திடீரென்று கவ்விக்கொண்டு முன்னால் பாயும். ஒருநாள் சாலை விளக்கில் முன்னால் நின்ற காரை இடிக்கப் போய்விட்டார். ஏற்கெனவே விரல்கள் மரத்துப்போகின்றன என்று மருத்துவமனைக்கு நடந்துகொண்டிருந்தவர். பட்டறையில் கிளட்ச் தட்டுகளைப் புதிதாக மாற்றியும் பாய்ச்சல் நிற்காததால், பழி முழுவதையும் கைமேல் போட்டுவிட்டார்.

நான் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் பாய்ந்தது.

இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிடியை முழுதாக இழுத்தும் வண்டி முன்னால் நகர்ந்தால் தட்டுகள் பிரியவில்லை. எங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. நன்றாகப் பிரிகிறது, சேரும்போதுதான் ஒரேயடியாகச் சேர்கிறது. முதலில் கேபிளைக் கழற்றி உள்கம்பியை இழுத்துப் பார்த்தேன். சிக்காமல் ஓடியது. அடுத்து எண்ணெயை வடித்து, பக்க மூடியைத் திறந்தோம். தாத்தா பிடியை இழுத்துப் பிடிக்க, நான் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, மேலேயுள்ள அழுத்தத் தட்டு சுழல்வதைக் கவனித்தேன். ஒரு பக்கம் அதிகமாகத் தூக்கியிருந்தது. ஸ்பிரிங் நட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருகி நேராக்கினோம். கொஞ்சம் தேவலாம், ஆனாலும் பாய்ந்தது.

தட்டுகளையே வெளியே எடுத்தோம். இரும்புத் தட்டு வளைந்திருந்தாலும் இப்படிக் கவ்வும். சோதிக்கச் சமமான பரப்பு வேண்டுமே! பாட்டி கல்யாணப் படத்தின் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார் (எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்ததற்கு இன்றும் ஏச்சு வாங்குகிறேன்). தட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து அழுத்தினோம். எதுவும் ஆடவில்லை.

மிஞ்சியது தட்டுகளைச் சுமக்கும் வெளிக்கூடை. அதன் நீளப் பிளவுகளில்தான் தட்டுகளின் காதுகள் வழுக்கி நகர வேண்டும். பல்லாண்டுகளாகக் காதுகள் ஒரே இடத்தில் முட்டி முட்டி, பிளவின் ஓரத்தில் படிபடியாகப் பள்ளம் விழுந்திருந்தது. பிடியை விடும்போது காது அந்தப் பள்ளத்தில் சிக்கி நிற்கிறது. ஸ்பிரிங்கின் அழுத்தம் மிஞ்சியதும் ஒரே தாவலாக விடுபடுகிறது. புதுத் தட்டுகளைப் பழைய பள்ளத்தில் போட்டால் எப்படித் தீரும்?

“தாத்தா, தொட்டுப் பாருங்க” என்றேன். இடக்கை ஆள்காட்டி விரலால் தடவினார். “ஒன்னும் தெரியலையே” என்றார். பிறகு வலக்கை நகத்தை வைத்து இழுத்தார். டக், டக், டக். மறுபடியும் இடக்கையால் தடவினார். நான் அரம் தேடுவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

மூன்று மாலை ராவினோம். அதிகம் ராவினால் பிளவு அகன்று காதுகள் தடதடக்கும். பள்ளம் மறையும் அளவு போதும், எல்லாப் பக்கமும் ஒரே அளவாக. இன்னும் ஆழமாக இருந்திருந்தால் வேறு கூடைதான் தேட வேண்டியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, பூட்டி, புது எண்ணெய் ஊற்றினோம்.

தாத்தாதான் முதலில் ஏறினார். பிடியை விட்டார். வண்டி தண்ணீரில் தோணி தள்ளியதுபோல் நகர்ந்து தெருமுனையில் மறைந்தது. போனவர் வர அரைமணி நேரமானது. பாட்டி இரண்டு முறை வாசலுக்கு வந்து பார்த்தார்.

“வெளக்குகிட்ட ஒரு தடவ நின்னுபோச்சு” என்றார், தலைக்கவசத்தைக் கழற்றியபடி. “அது மட்டும் என் கைதான்.”

பிறகு கிரானைக் கேட்டார். கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.