சுவர் ஏறும் அக்கா

ஆபரேஷன் என்றால் நம் சொந்தக்காரர்களுக்கு இரண்டே விஷயம்தான் தெரியும். ஒன்று, ஹார்லிக்ஸ் பாட்டில். இன்னொன்று, "அசையாம படுத்துக்கோ!"

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தபோது மேற்படி இரண்டும் தாராளமாகக் கிடைத்தன. பிசியோதெரபிஸ்ட் பெண்மணியோ நேர்மாறாக, "தினமும் அரை மணி நடங்க. கையைத் தூக்கிப் பழகுங்க" என்றார்.

பெரியம்மா கொதித்துவிட்டார். "கத்தி வைக்கப் போற உடம்பு! அதைப் போய் ஆட்டச் சொல்றாங்களே!"

காரணம் இருக்கிறது. இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களிலும் சிலவற்றை எடுப்பார்கள். பிறகு வலிக்குப் பயந்து கையை மடியிலேயே வைத்துக்கொண்டால் தோள் இறுகிப் போகும். தலை வாருவதே பெரும்பாடு. அதோடு போகாது. கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்பட்டால், கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தபடி ஆடாமல் படுக்க வேண்டும். தோள் ஒத்துழைக்க வேண்டாமா? முன்கூட்டியே பயிற்சியைக் கற்றுக்கொண்டால், வலியோடு வலியாகப் பாடம் படிக்க வேண்டியதில்லை.

ஆரம்பமாயிற்று சுவர் ஏற்றம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு மாதிரி மேலே மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் பென்சில் கோடு. பையனின் உயரம் குறித்த கோடுகளுக்குப் பக்கத்திலேயே அம்மாவின் கோடுகள்!

அடுத்தது, மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி. அத்தான், "நான் செஞ்சு காட்டறேன் பாரு" என்று கன்னம் உப்ப ஊதினார். பந்து அசையவேயில்லை. அது ஊதுகிற சமாசாரம் இல்லை சார், உறிஞ்சுகிற சமாசாரம்! மெதுவாக மூச்சை இழுத்தால் பந்து எழும்பும். மயக்க மருந்துக்குப் பிறகு நுரையீரல் நன்றாக விரிய இந்தப் பழக்கம் உதவும்.

நடைக்குத் துணை நான். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகமாம். ஒருநாள் மூன்றாவது தெருவில் அக்கா சட்டென்று நின்றாள்.

"டேய், பயமா இருக்குடா."

வீட்டில் யாரிடமும் அவள் சொல்லாதது. எப்படிச் சொல்வாள்? கட்டிலைச் சுற்றி எந்நேரமும் ஒன்பது பேர். எனக்கும் பதில் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு தெரு நடந்தோம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நடையும் கைப்பயிற்சியும் கட்டியைக் கரைக்காது. இதற்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடவும் கூடாது. யாருக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுப்பார்கள். அந்த மாதங்களில்கூட, டாக்டர் அனுமதித்தால் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம்.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம், அக்காவின் விரல் பழைய கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. "நாளைக்குத் தொட்டுடுவேன்" என்றாள். தொட நாலு நாள் ஆயிற்று.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட உடற்பயிற்சி சொல்கிறது. நம்மில் பலர் அதைக் கேன்டீன் வரிசையில் நின்றே கழிக்கிறோம். உங்கள் வீட்டில் அம்மாவோ, அக்காவோ, மனைவியோ ஆபரேஷனுக்குக் காத்திருந்தால் ஒரு வேண்டுகோள். ஆபரேஷன் அன்றைக்கு எல்லாருமே லீவு போடுவார்கள். நீங்கள் அதற்கு முந்தின வாரமே அரை நாள் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டுங்கள்.