விட்டுப்போன ‘இஸ்’

பி.ஏ. ஆங்கிலம் முதல் வருஷத்தில் என் கட்டுரை ஒன்றில் ‘இஸ்’ விட்டுப்போன இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, பேராசிரியர் வகுப்பில் உரக்க வாசித்தார். பதினோரு வட்டங்கள். ‘அவன் என் அண்ணன்’ என்பதில் வினை கிடையாது. தமிழில் யோசிக்கிறவனுக்கு இஸ் விட்டுப்போகத்தான் செய்யும். அன்று இதைச் சொல்லத் தெரியவில்லை.

ராப் பாட்டின் மொழி பற்றி வாசிக்க நேர்ந்தபோது அந்த வட்டங்கள் ஞாபகம் வந்தன. கறுப்பின அமெரிக்கரின் ஆங்கிலத்திலும் இஸ் விட்டுப்போகிறது. கண்ட இடத்தில் அல்ல. பாட ஆங்கிலத்தில் இஸ் எங்கே சுருங்க முடியுமோ அங்கேதான் இதில் அது மறைய முடியும் என்று 1969இல் லபோவ் காட்டினார். சுருங்காத வாக்கிய இறுதியில் மறைவதுமில்லை. சோம்பல் அல்ல, இலக்கணம். 2002இல் ஹெச். சாமி ஆலிம், ஈவ், ஜுவனைல் என்ற இரு ராப் கலைஞர்களின் பாடல்களையும் பேட்டிகளையும் பக்கத்தில் வைத்து எண்ணினார். பேட்டியைவிடப் பாட்டில்தான் விடுபடல் அதிகம். வாய் தவறினால் பேச்சில் அல்லவா அதிகம் தவற வேண்டும்? யோசித்து எழுதும் இடத்தில் தெருவின் பக்கம் சாய்கிறார்கள்.

எண்ணுவது என் ஜீவனம். ஆகவே எண்ணிக்கைமேல் மரியாதையும் சந்தேகமும் உண்டு. டிஜிட்டல் ஹ்யுமானிட்டீஸ் என்ற பெயரில் இப்போது எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். 2014இல் மாட் டேனியல்ஸ் 85 ராப்பர்களின் முதல் 35,000 சொற்களில் வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று கணக்கிட்டார். ஏசாப் ராக் 7,392, ஷேக்ஸ்பியர் 5,170, கடைசியில் டி.எம்.எக்ஸ் 3,214. விகுதி மாறினாலே தனிச் சொல். இதே கணக்கில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று நம் தொடர்கதைக்காரர் யாரும் ஷேக்ஸ்பியரைத் தாண்டிவிடுவார். டி.எம்.எக்ஸின் உறுமலையும் நாய்க்குரைப்பையும் எந்தக் கணக்கில் வரவு வைப்பது? மௌனியின் இருபத்துச் சொச்சம் கதைகளை இப்படி எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் ஆலிம் எண்ணியது வேறு ஜாதி எண்ணிக்கை. எத்தனை என்பதோடு எங்கே என்றும் கேட்டது.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். ‘சொல்வளம் போதாது; கொச்சை மிகுதி’ என்று இரண்டே வரியில் தீர்ப்பு. எழுதியவர் அதன்பின் எதுவும் வெளியிட்டதாகத் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புஸ்தகத்தை எடுத்து, பென்சிலுடன் உட்கார்ந்தேன். ‘அங்கிட்டு’ பதினேழு தடவை. பதினேழும் அம்மா வருகிற கவிதைகளில். தாலுகா ஆபீஸ் கவிதையில், பள்ளிக்கூடக் கவிதையில் எல்லாம் சுத்தமாக ‘அங்கே’.

அவர் விலாசம் கேட்டுப் பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.