ஜாதகம் இருந்தது, சான்றிதழ் இல்லை

கல்வியின் மேன்மையை மேடைகளிலே முழங்கியிருக்கிறோம். ஏடுகளிலே எழுதிக் குவித்திருக்கிறோம். ஆனால், மூன்று வயதுக் குழந்தை ஒன்றைப் பள்ளியிலே சேர்க்கப் புறப்பட்டபோதுதான், நமது பேச்சுக்கும் பள்ளியின் வாயிலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அறிந்தோம்.

குழந்தையின் பெற்றோர் செங்கற்சூளைத் தொழிலாளர். பிறர் மாளிகைக்குக் கல் அறுப்பவர். தாம் குடிசையிலே குடியிருப்பவர். சூளையிலேதான் அவர்களைச் சந்தித்தோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்துவன நீங்கலாக உள்ள தனியார் பள்ளிகளிலே, நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது. மழலையர் வகுப்பு இருக்குமானால் அங்கிருந்தே அந்த இடம் தொடங்குகிறது. "தங்கச்சி, உன் மகனுக்கும் இடமுண்டு" என்றோம். அந்தத் தாயின் முகம் மலர்ந்தது.

பிறப்புச் சான்றிதழைக் கேட்டோம். தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் தடவிய தாள் ஒன்றை எடுத்துத் தந்தார். ஜாதகம்! நாழிகை இருந்தது, நட்சத்திரம் இருந்தது, இராசி இருந்தது. அரசின் பதிவேட்டிலே மட்டும் அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை! 21 நாட்களுக்குள் தெரிவித்திருந்தால் காசின்றிப் பதிந்திருப்பார்கள். கோள்களின் இருப்பிடத்தைக் கூலி கொடுத்து எழுதி வாங்கியவர்களுக்கு, இதைச் சொல்ல ஒருவருமில்லை.

வருமானச் சான்றுக்கு அலைந்தோம். விண்ணப்பக் காலம் கோடை. சூளை எரியும் காலமும் கோடை. குடும்பம் சூளையிலே, சான்று தரும் அலுவலகம் சொந்த ஊரிலே! ஒரு நாள் சென்றால் ஒரு நாள் கூலி போகும். இரு முறை சென்றார்கள். மூன்றாம் முறை செல்லப் பணமில்லை. கடைசி நாள் கடந்தது.

"எங்க தலையெழுத்து அவ்வளவுதாண்ணே" என்றார் அந்தத் தாய்.

தலையெழுத்தா, தோழர்களே? இல்லை! அது பதிவேட்டிலே எழுதப்படாத எழுத்து. அதிலே நமக்கும் பங்குண்டு. விண்ணப்பம் தொடங்கிய பின்னரே நாம் அங்கு சென்றோம். ஆறு திங்கள் முன்னரே சென்றிருந்தால், தாள்கள் அனைத்தும் கையிலிருந்திருக்கும். அந்தக் குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள், அருகிலிருந்த அங்கன்வாடிக்கு அழைத்துச் சென்றோம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையம் அது. உணவு, தடுப்பூசி, ஆறு வயதுக்குட்பட்டோருக்கு முன்பருவக் கல்வி. மூன்றும் அங்கே உண்டு. பணியாளர் அம்மையார் பெயரையும் வயதையும் கேட்டார். குழந்தையைப் பாயிலே உட்கார வைத்தார். ஆனால், பருவம் முடிந்து குடும்பம் ஊர் திரும்பினால் அந்தப் பாய் காலியாகும். ஊரிலே மீண்டும் சேர்ப்பது யார்?

2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. ஆறுக்குக் கீழுள்ளோருக்கோ, அரசு முயலவேண்டும் என்று மட்டுமே கூறிற்று. உரிமை ஆறு வயதிலே வருகிறது. ஏற்றத்தாழ்வோ தொட்டிலிலேயே வந்துவிடுகிறது!

ஆகவே, இளைஞர்களே, ஆளுக்கொரு தெருவை ஏற்போம். பிறந்த குழந்தையைப் பதிவு செய்விப்போம். கோடைக்கு முன்பே சான்றுகளைப் பெற்றுத் தருவோம். சூளைக்குச் செல்லும் குடும்பத்தின் பிள்ளையை இரண்டு ஊர் மையங்களிலும் சேர்த்துவிடுவோம். அந்தக் குழந்தையின் ஊருக்கு, வரும் ஞாயிறன்று நாம் செல்கிறோம். நீங்கள் எந்தத் தெருவுக்குச் செல்லப் போகிறீர்கள்?